மூன்றே நாளில் மறையும் படர்தாமரை ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது?

மியான்மரின் பெகுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்தமாகக் கொஞ்சம் நெல் வயலும் ஒரு ஜோடி மாடும் வைத்துப் பிழைக்கிறவர். சென்ற மழைக்காலத்தில் இடுப்பில், லோஞ்சி என்ற கைலியை முடிச்சுப் போடும் இடத்தில், காசளவு வட்டமாகத் தொடங்கியதாம். இப்போது தொடை, புட்டம், வயிறு என்று படர்ந்துவிட்டது. பஜாரில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த ஒரு டியூபைப் பூசினால் மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிச் சிவப்பும் மறைகிறது. நிறுத்திப் பத்து நாள் ஆனால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இதுவரை ஒன்பது டியூப் தீர்ந்துவிட்டது. மனைவிக்கும் ஐந்து வயது மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. "ஒரேயடியாகத் தீர்க்க ஊசி ஏதும் இருக்கிறதா? இது உடம்புக்குள் போய்விடுமா? இரத்தம் கெட்டுவிட்டது என்று அம்மா சொல்கிறார், ஙாப்பி மீன்விழுதையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டார், அது சரியா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் அந்த டியூபைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, அதன் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், ட்ரையாம்சினோலோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருக்கும் என்று உங்கள் கதையைக் கேட்டவுடனேயே எனக்குத் தோன்றிவிட்டது. இவை எல்லாம் ஸ்டீராய்டு வகை. பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து என்று மூன்றையும் கலந்து ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்கள். எது வந்தாலும் ஒன்றாவது வேலை செய்யும் என்பது கணக்கு. முப்பது ஆண்டுகளாகத் தோல் நோய் பார்க்கிறேன். யாங்கோனில் என்னிடம் வரும் பத்துப் படர்தாமரைக்காரர்களில் ஏழெட்டுப் பேராவது இந்தக் கலவையைப் பூசிவிட்டுத்தான் வருகிறார்கள். என் மேசைமேல் அவர்கள் கொண்டுவந்து வைக்கும் காலி டியூப்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். படர்தாமரையில் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குவது நம் உடம்பு. தோலின் மேலடுக்கில் பூஞ்சை குடியேறியதும் உடம்பு அங்கே படை திரட்டிச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையின் புகைதான் நீங்கள் பார்க்கும் சிவப்பு வளையம். வளையத்தின் ஓரம் தடித்துச் செதிலாகவும் நடு வெளுத்தும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் சண்டை முடிந்துவிட்டது, ஓரத்தில் பூஞ்சை முன்னேறிக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு உடம்பின் கையைக் கட்டிவிடுகிறது. சண்டை நின்றதும் அரிப்பும் சிவப்பும் போய்விடும். பூஞ்சைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பார் இல்லாத வயலில் களை மண்டுவதுபோல அது மண்டுகிறது. டியூபை நிறுத்தியதும் உடம்பு விழித்துப் பார்க்கிறது. முன்பு கையளவு இருந்த இடம் இப்போது முறத்தளவு. உங்கள் ஒன்பது டியூப்களின் கதை இதுதான்.

வேறு கேடும் உண்டு. ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை தன் வடிவத்தையே இழந்துவிடும். வளையம் கலைந்து, ஓரம் மங்கி, கரப்பான் என்னும் தோல் நோய்போலவோ பருப்போலவோ தோன்றும். பழகிய மருத்துவரே ஏமாந்துபோவார். 1968-இலேயே ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் இதற்கு 'அடையாளம் மறைத்த படர்தாமரை' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு தொடையிடுக்கின் தோல் மிகவும் மெல்லியது. மாதக்கணக்கில் குளோபெட்டசோல் பூசினால் அங்கே பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது போன்ற வரிகள் விழும். படர்தாமரை குணமான பிறகும் அந்த வரிகள் மறையாது. உங்கள் மகனுக்கு அந்த டியூபை ஒரு நாள்கூடப் பூச வேண்டாம்.

இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஓரிரு வாரம் சிவப்பும் அரிப்பும் சீறிக்கொண்டு எழும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் டியூபிடம் போய்விடாதீர்கள். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். அரிப்பு தாங்காவிட்டால் இரவில் செட்டிரிசின் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாம், ஈரத்துணியை ஒத்தி எடுக்கலாம்.

அடுத்து, இது படர்தாமரைதானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு ஊசியும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம். வளையத்தின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் பொறுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். தோல் செல்கள் கரைந்துபோய், பூஞ்சை இழைகள் மட்டும் நிற்கும். கணுக்கணுவாகப் பிரிந்து, கிளைத்து, நம் ஊர் மூங்கிலைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். முதன்முதலில் பார்த்த நாளில் நான் தகட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் மருந்து பூசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்று நடுவது போன்றது. எந்த வகைப் பூஞ்சை என்று தெரிய வேண்டுமானால் வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சுரண்டக் கொடுக்க வருவதற்கு முன் ஒரு வாரமாவது எந்தக் களிம்பும் பூசாமல் வந்தால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

இந்தப் பூஞ்சைகளின் உணவு கெரட்டின், அதாவது நம் தோலின் மேலடுக்கும் முடியும் நகமும் எதனால் ஆனவையோ அந்தப் புரதம். உயிருள்ள சதைக்குள் இவை பொதுவாக இறங்குவதில்லை. ஈரமும் வெப்பமும் கூடிவிட்டால் கொண்டாட்டம். யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. மோல்மேனில் இதைவிட மிக அதிகம். அந்த ஐந்து மாதமும் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் லோஞ்சியின் இடுப்புப் பட்டியில் ஈரம் நின்றுகொண்டே இருக்கும். அந்தப் பட்டிதான் உங்களுக்கு முதல் வட்டம் தோன்றிய இடம். தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்த இரண்டாம் வாரத்தில் என்னிடம் வரும் இளைஞர்களின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் கூடும். நான்கைந்து நாள் நனைந்த உடையோடு லாரியில் நின்றதன் விளைவு.

இனி மருந்து. வட்டங்கள் ஒன்றிரண்டாக இருந்தால் பூசுமருந்தே போதும். குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் என்றால் நாளைக்கு இரண்டு வேளை, நான்கு வாரம். டெர்பினாஃபைன் களிம்பு என்றால் பெரும்பாலும் இரண்டு வாரம். டியூபில் அந்த ஒரே மருந்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். பூசும்போது வட்டத்தின் நடுவில் பூசிவிட்டுப் போகாதீர்கள். பூஞ்சை ஓரத்தில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, ஓரத்தையும் தாண்டி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் பூச வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். மறைந்ததும் நிறுத்துகிறவர்கள் மறுபடியும் வருகிறார்கள்.

உங்களுடையது பூசுமருந்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பரந்த இடத்துக்கு, அதுவும் ஸ்டீராய்டு பட்ட பிறகு, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். வழக்கமாக முதலில் கொடுப்பது டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று. பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். இப்போது அப்படி முடிவதில்லை. இந்தியாவிலிருந்து பரவிய ஒரு புதிய வகைப் பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்து ஜப்பானுக்குப் போனவர்களிடமிருந்து எடுத்ததை வைத்து அங்கே பெயரிட்டார்கள். இந்த வகையில் பலவற்றுக்கு டெர்பினாஃபைன் ஏறுவதில்லை. மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய நொதியின் வடிவமே சற்று மாறிவிட்டது, பூட்டு மாறியதால் பழைய சாவி திரும்பவில்லை. 2023-இல் நியூயார்க்கிலும் கண்டுபிடித்தார்கள், நோயாளிகளில் ஒருவர் பங்களாதேஷ் போய்வந்தவர். இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் எல்லையாக இருக்கும் நம் நாட்டில் இது இராது என்று நினைத்துக்கொண்டு மருந்து எழுத நான் தயாராக இல்லை. இது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் அந்த ஸ்டீராய்டுக் கலவையும் பெரிய காரணம் என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். என் கருத்தும் அதுவே.

ஆகவே டெர்பினாஃபைன் மூன்று நான்கு வாரத்தில் கேட்காவிட்டால் இட்ராகோனசோலுக்கு மாறுவோம். அது ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதி வீண். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரையும். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு இது இரத்தத்தில் நிற்கவே நிற்காது, ரிஃபாம்பிசின் அதை எரித்துவிடும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இதை நான் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் இட்ராகோனசோலும் சேர்ந்தால் தசைகள் கெட்டுப்போகும். டெர்பினாஃபைன், இட்ராகோனசோல் இரண்டுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், நீண்ட நாள் கொடுக்கும்போது ஈரல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். கடைக்காரர் பழைய கீட்டோகோனசோல் மாத்திரையை மலிவு என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2013-லேயே ஈரல் கேட்டுக்காக ஐரோப்பாவில் அந்த மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்கள். ஷாம்பூவாகவும் களிம்பாகவும் கீட்டோகோனசோல் நல்ல மருந்து, விழுங்குவதற்கு ஆகாது.

உங்கள் மனைவி கர்ப்பமாக இருக்கிறாரா, பால் கொடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால் அவருக்கு மாத்திரை வேண்டாம், குளோட்ரிமசோல் பூசுவதே பாதுகாப்பு. மகனின் தலைமுடியைப் பிரித்துப் பாருங்கள். முடி உதிர்ந்து, ஒடிந்த முடி கறுப்புப் புள்ளிகளாக நிற்கும் வட்டம் ஏதும் இருந்தால் பூசுமருந்தால் ஆகாது, பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது. குழந்தையின் எடைக்குத் தக்கபடி கிரிசியோஃபுல்வின் அல்லது டெர்பினாஃபைன் வாரக்கணக்கில் வாயால் கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு வைத்த கத்தியையோ சீப்பையோ வேறு குழந்தைக்கு வைக்கக் கூடாது. கோயிலில் வேண்டுதல் மொட்டை போடும்போது புதிய பிளேடு கேட்டு வாங்குங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

மாட்டையும் பாருங்கள். கழுத்திலும் கண்ணைச் சுற்றியும் முடி கொட்டிச் சாம்பல்நிறப் பொருக்கு ஏறியிருந்தால் அதுவும் இதே குடும்பத்துப் பூஞ்சைதான். மாட்டிலிருந்து மனிதனுக்கு வரும். நாய்க்குட்டி, பூனைக்குட்டிக்கும் இது பொருந்தும்.

ஒரு வீட்டில் மூன்று பேருக்கு இருந்து, ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் அது ஓட்டைப் படகில் ஒருவர் மட்டும் நீர் இறைப்பது. மூவரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். லோஞ்சியையும் துண்டையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுங்கள். நம் வீடுகளில் அப்பா கட்டிய லோஞ்சியை மகன் கட்டுவதும், குளித்துவிட்டு வருகிறவர் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துக்கொள்வதும் வழக்கம், நோய் அங்கேதான் வீட்டைச் சுற்றுகிறது. துணிகளைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெயில் வந்த அன்று உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்துப் போடுங்கள். மழை விடாத வாரத்தில் இடுப்புப் பட்டியை இஸ்திரிப் பெட்டியால் நன்றாகச் சூடாக்கிவிட்டுக் கட்டுங்கள். உள்ளே நைலான் உள்ளாடை வேண்டாம். வயலிலிருந்து வந்ததும் குளித்து, தொடையிடுக்கையும் கால்விரல் இடுக்கையும் துண்டால் ஒத்தி உலர்த்துங்கள். இவ்வளவுக்கும் செலவு ஒன்றுமில்லை, ஆனால் இதைச் செய்யாமல் நான் எழுதும் விலையுயர்ந்த மாத்திரை நிற்காது.

வண்டுகொல்லி இலையைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சிலர் சீமையகத்தி என்பார்கள். பர்மியர்கள் அதைப் படர்தாமரையைக் குறிக்கும் சொல் சேர்ந்த பெயராலேயே அழைக்கிறார்கள். இரண்டு இனமும் ஒரே செடியை ஒரே நோய்க்குக் கண்டுபிடித்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். அதில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. தொடக்கத்தில் தோன்றும் ஒரு சிறு வட்டத்துக்கு அரைத்துப் பூசுகிறவரை நான் தடுத்ததில்லை. உங்களுக்கு இப்போது அது போதாது, புண்ணான தொடையிடுக்கில் எரியவும் செய்யும். மண்ணெண்ணெய், பேட்டரி அமிலம், சுண்ணாம்பு, பூண்டுச் சாறு ஆகியவற்றைப் பூசி வெந்துபோன தோலோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

வயலில் நிற்கிறவர் என்பதால் கால்விரல் இடுக்கையும் சொல்லிவிடுகிறேன். சேற்றுப்புண்ணும் பாதி இதே பூஞ்சைதான், ஆனால் நாற்றமும் நீரும் வந்தால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது. மோஹிங்கா கடையில் நாள் முழுவதும் கிண்ணம் கழுவும் பெண்களுக்கு நகக்கண் வீங்குவதும், கைவிரல் இடுக்கு வெளுத்துப் பிளப்பதும் கேண்டிடா என்ற வேறு பூஞ்சையால். அது சர்க்கரை நோயாளிகளுக்கு வாயிலும் பிறப்புறுப்பிலும் அடிக்கடி வரும். திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரை. கால் நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிந்தால் டெர்பினாஃபைன் பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும், நகம் முழுதாக மாற ஓராண்டுக்கும் மேல் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம்.

தேமலும் பூஞ்சைதான், ஆனால் அது ஒட்டுவதில்லை. எல்லோர் தோலிலும் இருக்கும் ஒரு பூஞ்சை வியர்வையில் கூடுதலாகப் பெருகுவதால் வருகிறது. கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தடவி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் சில நாளில் பூஞ்சை போய்விடும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதன்மேல் தனகா மரப்பட்டை விழுது பூசி மறைத்துக்கொண்டு வரும் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கழுவிவிட்டு வெளிச்சத்தில் காட்டுங்கள். வெளுத்த இடத்தைப் பஞ்சால் தொட்டால் தெரிகிறதா, சூடு குளிர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அது தேமல் இல்லை, தொழுநோயாக இருக்கலாம். 2003-இல் நம் நாடு தொழுநோயைப் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவுக்குக் குறைத்தது உண்மை, ஆனால் நோய் போய்விடவில்லை. ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் முழுதும் குணமாகிற நோய் அது. மரத்துப்போன இடத்தில் ஆண்டுக்கணக்கில் படர்தாமரைக் களிம்பு பூசிவிட்டு விரல் மடங்கியபின் வந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை.

இது உள்ளே போகுமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் வகை போகாது. நிம்மதியாக இருங்கள். ஆனால் உள்ளே போகும் பூஞ்சைகள் வேறு இருக்கின்றன, அவற்றில் ஒன்று நம் மண்ணுக்கே உரியது.

1956-இல் வியட்நாமின் தலாத் நகரில் இருந்த பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூங்கில் எலி செத்தது. மூங்கில் வேரைத் தின்று வளைக்குள் வாழும் கொழுத்த எலி அது, நம் மலைகளிலும் உண்டு. அதன் உடலிலிருந்து எடுத்த பூஞ்சைக்கு அந்நிறுவனத்தின் இயக்குநர் மார்னெஃபின் பெயரை வைத்தார்கள். அதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் செக்ரெத்தேன் ஊசியைத் தன் விரலிலேயே தவறிக் குத்திக்கொண்டார், விரலில் கட்டியும் அக்குளில் நெறிக்கட்டும் வந்து மருந்தால் பிழைத்தார். மனிதனுக்கு இது வரும் என்று உலகம் முதலில் அறிந்தது அப்படித்தான். இன்று அதன் பெயர் டலரோமைசஸ் மார்னெஃபி. தென்கிழக்காசியா, தென்சீனா, நமக்கு அடுத்துள்ள மணிப்பூர் ஆகிய இடங்களின் நோய் இது. எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பாற்றல் விழுந்தவர்களையே பெரிதும் தாக்கும். காய்ச்சல், எடைக் குறைவு, இரத்தச் சோகை, கூடவே முகத்திலும் மார்பிலும் நடுவில் குழி விழுந்த சிறு கொப்புளங்கள்.

அந்தக் குழி விழுந்த கொப்புளத்தை நான் ஒருமுறை தவறவிட்டேன். பயிற்சி முடிந்த புதிது. மலையில் மூங்கில் வெட்டப் போய்வந்த இளைஞர் ஒருவர், முகம் நிறையக் கொப்புளம். சாதாரண வைரஸ் மரு என்று எழுதி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கவில்லை, எடை பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து மூச்சிரைப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொப்புளத்தைச் சுரண்டித் தகட்டில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு குழி விழுந்த கொப்புளத்தோடு வரும் எவரையும் காய்ச்சலைக் கேட்காமல், எச்.ஐ.வி. சோதனைக்குச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

இந்த நோய்க்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று வியட்நாமில் 440 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. இரத்தக்குழாய் வழியே ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்து பெற்றவர்களில் 24 வாரத்துக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 விழுக்காடு, இட்ராகோனசோல் மாத்திரையோடு தொடங்கியவர்களில் 21 விழுக்காடு. மாத்திரை எளிது, மலிவு, ஆனாலும் முதல் இரண்டு வாரம் ஆம்ஃபோடெரிசின்தான் வேண்டும் என்பது அதோடு தெளிவாயிற்று.

எச்.ஐ.வி. உள்ளவர்களை மூளையில் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இன்னொன்று. வாரக்கணக்கில் நீடிக்கும் தலைவலியோடு வரும். முன்பெல்லாம் ஆம்ஃபோடெரிசினை நாள்தோறும் ஏற்ற வேண்டும், சிறுநீரகம் கெடும், நடுக்கமும் காய்ச்சலும் வரும். ஆப்பிரிக்க நாடுகள் ஐந்தில் நடந்த ஆய்வுக்குப் பிறகு, கொழுப்புறையிட்ட ஆம்ஃபோடெரிசினை அதிக அளவில் ஒரே ஒரு முறை ஏற்றிவிட்டு, ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் பதினான்கு நாள் வாயால் கொடுக்கலாம் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. படுக்கை கிடைக்காத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அறிவார்கள்.

முள் குத்திய காலில் வலியில்லாத வீக்கமாகத் தொடங்கி, துளைகள் விழுந்து, கடுகு போன்ற கறுப்பு அல்லது வெள்ளைக் குருணைகள் வெளியேறினால் அது மைசெட்டோமா. 1842-இல் மதுரையில் ஒரு மருத்துவர் கண்டு எழுதியதால் உலகம் இதை இன்றும் மதுரைப் பாதம் என்கிறது. நம் முன்னோர் வெறுங்காலோடு உழுத மண்ணின் பெயர். வயலில் நிற்கும் நீங்கள் காலில் அப்படியொரு கட்டி கண்டால் சிறிதாக இருக்கும்போதே வாருங்கள். சில பூஞ்சையால், சில பாக்டீரியாவால் வருகின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு. வெட்டியெடுக்க வேண்டிவந்தாலும் சிறு கட்டி என்றால் கால் தப்பும்.

ஒரேயடியாகத் தீர்க்கும் ஊசி ஏன் இல்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியா நமக்கு மிகத் தூரத்து உயிர், அதை மட்டும் கொல்லும் மருந்து செய்வது எளிது. பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவு, அதன் செல் நம் செல்லைப் போலவே அமைந்தது. அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் தொடும். நமக்கும் அதற்கும் உள்ள சில வேறுபாடுகளில் முக்கியமானது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு. நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு அது இருக்கிறது. டெர்பினாஃபைனும் இட்ராகோனசோலும் அந்தக் கொழுப்பு உருவாவதை வெவ்வேறு படியில் தடுக்கின்றன. ஆம்ஃபோடெரிசின் அதைப் பிடித்துச் சவ்வையே ஓட்டையாக்குகிறது. நம் கையில் உள்ள மருந்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கொழுப்பைச் சுற்றியே நிற்கின்றன. அதனால்தான் ஒரு மருந்துக்கு எதிர்ப்பு உண்டானால் எங்களுக்கு இவ்வளவு கவலை. ஆம்ஃபோடெரிசின் ஊசிதான், ஆனால் தோலின் படர்தாமரைக்கு அதைக் கேட்காதீர்கள். அதைப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி என்ற பெயரில் சில இடங்களில் போடுவதும் அதே ஸ்டீராய்டுதான். அதுவும் மூன்று நாளில் அரிப்பை நிறுத்தும்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இரத்தம் கெடவில்லை. பூஞ்சை வெளியிலிருந்து வந்து தோலின் மேலடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, சாப்பாட்டால் வந்ததில்லை, பத்தியத்தால் போகாது. உங்கள் இரத்தத்தில் நான் பார்க்க விரும்புவது இரண்டே, சர்க்கரையும் ஈரலும். இட்ராகோனசோல் சாப்பிட வேண்டிவந்தால் வயிறு நிறையச் சோறும் எண்ணெயும் வேண்டும், அரைப்பட்டினி கிடந்தால் மருந்துதான் வீணாகும். ஙாப்பியை மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள்.